ஒரு வாட் தண்டனை

சிறைச்சாலைகளை மூடிய அன்று ஊரெல்லாம் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். இனி யாரையும் வருஷக்கணக்கில் கம்பிக்குப் பின்னால் அடைத்துச் சோறு போட வேண்டியதில்லை. குற்றவாளி காலையில் தண்டனை மையத்துக்கு வருவான். நாற்காலியில் உட்கார்ந்து, நீதிபதி எழுதிய அளவு மின்சாரத்தை வாங்கிக்கொள்வான். மத்தியானம் வேலைக்குப் போய்விடுவான். உடம்பில் தழும்பு விழக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அவ்வளவு இரக்கம் அவர்களுக்கு.

முதலில் எல்லாருக்கும் ஒரே வோல்ட் என்று வைத்தார்கள். வசதியுள்ளவர்கள் கையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்றைப் பூசிக்கொண்டு வந்து, சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். வியர்த்த கையோடு வந்த ஏழைதான் துடித்தான். ஆனால் அவனும் சீக்கிரம் விவரம் கற்றுக்கொண்டான். அளத்தங்குடி உப்பளக்காரர்கள் வீட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. உப்புத் தண்ணீர் தோலைப் பிளந்துவிடும் என்பதால், உள்ளங்கையிலும் பாதத்திலும் எண்ணெய் தேய்க்காமல் அவர்கள் பாத்தியில் இறங்கவே மாட்டார்கள். அந்த எண்ணெயையே இரண்டு பங்காகத் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். எண்ணெய் மின்சாரத்தை மறித்தது. வலி பாதியாகக் குறைந்தது.

அப்புறம்தான் சம வாட் சட்டம் வந்தது. ஒவ்வொருவர் உடம்பும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று முதலில் அளப்பார்கள். தடை அதிகமானால் வோல்ட்டைக் கூட்டி, குறைவானால் குறைத்து, முதலாளிக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே வாட் போய்ச் சேருகிற மாதிரி இயந்திரமே பார்த்துக்கொள்ளும். கேட்டபோது பாக்கியசீலி கைதட்டினாள். உப்பளத்தில் பிறந்து, மின்பொறியியல் டிப்ளமா படித்தவள். இதைவிட நியாயமான ஒன்றை மனிதன் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தாள். அதே அளத்தங்குடி மையத்தில் மின்தடை அளவராக வேலையும் கிடைத்தது.

வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்த நியாயத்தில் ஓர் ஓட்டை இருப்பதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அந்த வருஷம் மூன்று பேர் நாற்காலியிலேயே செத்தார்கள். மூன்று பேருக்கும் இதய பலவீனம் என்று எழுதினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் திங்கட்கிழமைக்கான பெயர்கள் திரையில் வந்தபோது, இரண்டாவது பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள். ஆசீர், உப்பளத் தொழிலாளி. தண்ணீர்ப் பம்பை நிறுத்தி உற்பத்தியைத் தடுத்த குற்றம். ஒரு வாட், ஒரு நிமிஷம். அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

கண்காணிப்பாளர் தாணுமாலயன் டீ டம்ளரோடு வந்து பின்னால் நின்றார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர்.

"உங்க தம்பியாமே. வேணும்னா அன்னைக்கு லீவு போட்டுக்கிடுங்க."

"இல்ல சார். நானே அளக்குதேன்."

"அதுவும் சரிதான். ஒரு வாட்டுதானே? சாமி படத்துக்கு முன்னால எரியுத குட்டி பல்பு." டீயை ஊதிக் குடித்தார். "எண்ணெய் விஷயத்தை மட்டும் வெளிய விட்டுராதீங்க. ரகசியச் சட்டம் இருக்கு, தெரியும்லா?"

"தெரியாம எண்ணெய் தேச்சு வந்து சாகுதாங்களே சார்."

"நாமளா தேச்சு விட்டோம்? அரசாங்கத்தை ஏமாத்தணும்னு தேச்சிட்டு வாரான். மிஷின் அவனை ஏமாத்திருது. இதுல நம்ம பாவம் எங்க இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்ததும் பாக்கியசீலி தம்பி வீட்டுக்குப் போனாள். உப்பளத்தை ஒட்டிய காலனி. அவள் அரசாங்க உத்தியோகம் பார்க்கப் போனதிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அவளை வாங்க என்று கூப்பிடுவதில்லை. தம்பி மனைவி ஜெயக்கனி மட்டும் முகம் மலர்ந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"சாப்பிட்டீங்களா மைனி?"

"அதெல்லாம் அப்புறம். ஏல ஆசீர், நான் சொல்லுததைக் கவனமாக் கேளு. நாளைக்கு எண்ணெய் தேய்க்காம வா."

ஆசீர் சிரித்தான். "ஏன், உங்க மிஷின் வழுக்குதோ?"

"விளையாடாத. பன்னெண்டு வோல்ட்டு வச்சு, உன் கை வழியா எவ்வளவு கரண்டு போகுதுன்னு பாப்பேன். வெறுங்கைன்னா மூணு மில்லி ஆம்பியர் போகும்னு வையி. வோல்ட்டைக் கரண்டால வகுத்தா நாலாயிரம் ஓம். அதான் உன் உடம்போட தடை. அதுக்கு ஒரு வாட்டு குடுக்க அறுபத்திமூணு வோல்ட்டு போதும். வலிக்கும். கத்துவ. ஆனா எந்திரிச்சு வீட்டுக்கு வந்துருவ."

"எண்ணெய் தேச்சா?"

"அர மில்லி ஆம்பியர்தான் போகும். இவனுக்குத் தடை இருபத்திநாலாயிரம்னு மிஷின் நம்பிரும். அவ்வளவு தடைக்குள்ள ஒரு வாட்டை ஏத்தணும்னா நூத்தம்பத்தஞ்சு வோல்ட்டு வேணும்னு அதுவே வச்சுக்கிடும். அதுக்கப்புறம் நாற்காலி ரூம்ல உன் கையை ஸ்பிரிட்டு போட்டுத் துடைப்பாங்க, இந்தப் புதுச் சட்டம் வந்ததுல இருந்து. அழுக்கோட கரண்டு பாஞ்சா தோல் கருகித் தழும்பு விழும், அது கூடாதுன்னு சட்டம்லா? எண்ணெய் போயிரும். வோல்ட்டு அப்படியே நிக்கும். வெறும் நாலாயிரம் ஓமுக்குள்ள நூத்தம்பத்தஞ்சு வோல்ட்டு பாஞ்சா, வோல்ட்டையும் கரண்டையும் பெருக்கிப் பாரு. ஆறு வாட்டு. மூச்சு நின்னுரும்லே."

"ஆறு வாட்டுலயா? எங்க வீட்டுக் குண்டு பல்பே ஒம்பது வாட்டு."

"பல்புக்கு நெஞ்சு கிடையாது."

ஆசீர் சிரிப்பை நிறுத்தினான்.

"அப்ப நம்ம தெரு லாசர் நாற்காலியில செத்தது?"

"எண்ணெயாலதான்."

"அவன் கையை நீதானே அளந்த?"

"ஆமா."

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

ஜெயக்கனி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"வெளிய சொன்னா எனக்கு அஞ்சு வாட்டுலே. நானும் செத்துருவேன்," என்றாள் பாக்கியசீலி.

"இன்னைக்கு மட்டும் எப்படிச் சொல்லுத?"

"நீ என் தம்பி."

"லாசருக்கும் அக்கா இருக்கா. நாலு வீடு தள்ளித்தான் இருக்கா. போயி அவகிட்ட இந்தக் கணக்கைச் சொல்லிட்டு வாரியா?"

சொல்ல அவளால் முடியாது. முடியாது என்பது அவனுக்கும் தெரியும். ஆசீர் எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"எங்க அப்பன் காலத்துல இருந்து எண்ணெய்தான் எங்களைக் காப்பாத்திருக்கு. அது உங்க ஆபீசுக்கு ஆகல. அதான் சொந்த அக்காளையே பேச அனுப்பிட்டானுவ. போயிட்டு வா."

ஜெயக்கனி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வந்ததும் பாக்கியசீலியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அவுக கோவத்துல பேசுதாக. நான் பாத்துக்கிடுதேன் மைனி. நீங்க கவலைப்படாம போங்க."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பாக்கியசீலி அன்று படுத்துத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலையில் ஆசீர் எதிரில் வந்து உட்கார்ந்தபோது கையில் பளபளப்பு எதுவும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வந்திருந்தான். அவளுக்கு உயிர் வந்தது. இரண்டு தட்டிலும் ஈரப் பஞ்சை விரித்தாள். அவன் உள்ளங்கைகளை வைத்தான். பன்னிரண்டு வோல்ட் கொடுத்தாள்.

அரை மில்லி ஆம்பியர்.

குனிந்து முகர்ந்து பார்த்தாள். வேப்பெண்ணெய் வாடை. ராத்திரியெல்லாம் ஊற வைத்து, காலையில் மேலாகத் துடைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"அவளைத் திட்டாத," என்றான் ஆசீர் வாய்க்குள்ளேயே. "நான்கூட வேண்டாம்னுதான் நினைச்சேன். அவதான் அழுதுக்கிட்டே தேச்சு விட்டா. பாத்துக்கிடுதேன்னு உன்கிட்ட சொல்லிருக்காளாம்."

மேலே கேமரா இருந்தது. கதவருகே காவலர் இருந்தார். அளவு இருபத்திநாலாயிரம் என்று பதிவாகிவிட்டது. அதை அவளால் மாற்ற முடியாது. மேஜையின் ஓரத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. தில்லுமுல்லு என்று அளவருக்குச் சந்தேகம் வந்தால் அதை அமுக்கலாம். கையைக் கழுவி மறுபடி அளப்பார்கள். தில்லுமுல்லு செய்ததற்காகத் தண்டனை இரண்டு மடங்காகும். இத்தனை நாளில் அவள் அதைத் தொட்டதே இல்லை. இருக்கிற தண்டனையைக் கூட்டி வைப்பானேன் என்று விட்டுவிடுவாள். தொட்டிருந்தால் லாசர் பிழைத்திருப்பான் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

பொத்தானை அமுக்காவிட்டால் ஆறு வாட். அமுக்கினால் இரண்டு. உலகத்தில் எந்த அக்காளுக்கும் இப்படி ஒரு கழித்தல் கணக்கு வரக்கூடாது. அமுக்கினாள்.

மணி அடித்தது. காவலர்கள் வந்து ஆசீரின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். மறுபடி அளந்தபோது சரியாக நாலாயிரம் ஓம். இரண்டு வாட்டுக்கு எண்பத்தொன்பது வோல்ட் என்று இயந்திரம் தானே எழுதிக்கொண்டது. ஆசீர் அவளைத் திட்டவில்லை. புரியாத குழந்தை மாதிரி அவளையே பார்த்துக்கொண்டு உள்ளே போனான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் போட்ட சத்தத்தை அவள் அந்த ஒரு நிமிஷம் முழுக்கக் கேட்டாள். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. சத்தம் வருகிறவரை உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

வெளியே வந்தவனுக்கு நாக்குக் கடிபட்டு வாயோரம் ரத்தம் வழிந்தது. விரல்கள் மடங்கிப்போய் விரிய மறுத்தன. கூடத்தில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, குழறிக் குழறிச் சொன்னான்.

"ஒரு வாட்டைத் தாங்கிட்டுப் போயிருப்பேன். ரெண்டாக்கிட்டா. எங்க அக்கா."

அவன் காலனிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே சேதி போய்விட்டது. இது மாதிரியான சேதியை மனிதர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்களோ அப்படித்தான் காலனியும் புரிந்துகொண்டது. எண்ணெயைக் கண்டால் அரசாங்கம் மணி அடிக்கிறது, ஆளைப் பிடித்துக் கழுவுகிறது, சொந்த அக்காளை விட்டே காட்டிக்கொடுக்க வைக்கிறது. எண்ணெய் வேலை செய்யாவிட்டால் இவ்வளவு பயம் எதற்கு? அதுவரை எண்ணெய் தேய்க்காமல் போனவர்கள்கூட அந்த வாரம் தேய்த்துக்கொண்டு வந்தார்கள்.

பாக்கியசீலி பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஓர் உயிர் பிழைத்தது. பிழைத்த ஒவ்வொருவரும் அவளைச் சபித்துவிட்டுப் போனார்கள். அதையாவது செய்துகொண்டிருந்திருப்பாள். சனிக்கிழமை தாணுமாலயன் ஸ்குரூ டிரைவரோடு வந்து, பொத்தானைக் கழற்றி எடுத்தார்.

"மேலிடத்து உத்தரவு. ஒரு ஆளை ரெண்டு தடவை அளந்தா வரிசை தேங்குதாம். இனி முதல் அளவுதான் கடைசி அளவு."

"செத்துருவாங்க சார்."

"உங்களுக்கு இளகின மனசும்மா," என்றார் அவர் அன்பாக. "ஒரு மாசத்துல பழகிரும்."

அதே நாளில் உப்பளத்துப் பெண்கள் ஆசீருக்கு நடந்ததைக் கண்டித்து மையத்தின் வாசலை மறித்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலமே தீர்ப்பும் ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு வாட். திரையில் முதல் பெயர் ஜெயக்கனி.

ஸ்டேஷனில் இருக்கிற ஜெயக்கனிக்கு ஆசீர் சோற்றோடு எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான் என்று பயந்து பாக்கியசீலி காலனிக்கு ஓடினாள். ஆசீர் கதவைத் திறக்கவில்லை. "நீ என்ன சொன்னாலும் அதுக்கு நேர்மாறாச் செஞ்சாத்தான் எங்களுக்கு நல்லது," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. தெருப் பெண்கள் அவள் போகிற வழியில் காறித் துப்பினார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தாள். நேர்மாறாகச் செய்வார்கள். அப்படியென்றால் நேர்மாறாகச் சொல்லிவிட வேண்டியதுதானே? எண்ணெய் வேண்டாம் என்று கெஞ்சினால் தேய்க்கிறார்கள். தேய்த்துக்கொள் என்று அரசாங்கமே நீட்டினால்? விஷத்தை நீட்டிய மாதிரி பதறுவார்கள். இருக்கிற எண்ணெயையும் வழித்துத் துடைத்து எறிவார்கள். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பே வந்தது. இறங்கியதும் கடையில் பெரிய பாட்டிலாக ஒரு தேங்காயெண்ணெய் வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை அரசாங்கச் சீருடைச் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு, பாட்டிலோடு வாசலில் போய் நின்றாள். போலீஸ் வேன் வந்தது. பெண்கள் இறங்கி வரிசையில் நின்றார்கள். முதலில் ஜெயக்கனி. இரண்டு நாளில் முகம் ஒடுங்கிப்போயிருந்தது. பாக்கியசீலி அவள் முகத்தைப் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி அதிகாரக் குரலில் சொன்னாள்.

"எல்லாரும் கவனிங்க. கையில நல்லா எண்ணெய் தேச்சுக்கிட்டு வந்தாத்தான் உள்ள விடுவோம். அரசாங்கமே எண்ணெய் தருது. இந்தாங்க."

வரிசை அப்படியே நின்றது. பின்னாலிருந்து ஒருத்தி, "தொடாதீங்கட்டி, அதுல என்ன கலந்திருக்காளோ," என்றாள். பாக்கியசீலியின் நெஞ்சு நிம்மதியில் துள்ளியது. பாட்டிலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

ஜெயக்கனி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது.

"ஸ்டேஷன்ல ஒரு சொட்டு எண்ணெய் தர மாட்டேன்னுட்டானுவ மைனி," என்றாள் தணிந்த குரலில். "வெறுங்கையோட வாரோமேன்னு ரெண்டு நாளும் அழுதுக்கிட்டே கிடந்தோம்."

பாக்கியசீலி வரிசையைக் கடைசி வரை பார்த்தாள்.

"வெறுங்கையா? எல்லாருமா?"

ஜெயக்கனி பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளங்கையில் குழிய ஊற்றிக்கொண்டாள். பின்னால் திரும்பினாள். "ஏட்டி, பயப்படாம வாங்க. எங்க மைனி நம்ம பக்கம் வந்துட்டாக. எனக்கு அப்பவே தெரியும், ரத்தம் விட்டுக்குடுக்காதுன்னு."

"வேண்டாம் ஜெயக்கனி. தேய்க்காத. கையைத் துடை. உன் காலைப் பிடிச்சுக் கேக்குதேன், துடைச்சிரு."

ஜெயக்கனி வாசல் கேமராவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பாக்கியசீலியைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

"மேல பாக்கானுவ. அதுக்காகச் சொல்லுதீங்க. புரியுது மைனி."

பாட்டில் வரிசையில் கடைசி ஆள் வரை போனது. பாக்கியசீலி ஒருத்தியின் கையைப் பிடித்துச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனாள். அவள் உதறிக்கொண்டாள். காவலர்கள் வந்து பாக்கியசீலியை விலக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கூடத்தில் தாணுமாலயன் முதல்முறையாக அவளை மரியாதையோடு பார்த்தார்.

"பரவாயில்லையே, மாசம்கூட ஆகல. இவ்வளவு சீக்கிரம் தேறுவீங்கன்னு நினைக்கல. போயி உக்காருங்க, வரிசை நிக்குது."

"என்னால முடியாது சார்."

"அப்ப நான் அளக்குதேன். தள்ளி உக்காருங்க."

அவர் ஈரப் பஞ்சை விரித்தார். ஜெயக்கனி எதிரில் உட்கார்ந்து, எண்ணெய் சொட்டும் கைகளைத் தட்டில் வைத்தாள். தாணுமாலயன் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தார். பாக்கியசீலி சுவரோரமாக நின்றபடி மீட்டரைப் பார்த்தாள். கால் மில்லி ஆம்பியர்கூடப் போகவில்லை.

ஜெயக்கனியும் எட்டி மீட்டரைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா மைனி," என்றாள். "எவ்வளவு கம்மியாக் காட்டுது!"